வீட்டுக்கு வந்த ஆர்கேட் விளையாட்டுகள்: தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

மேட்டுலயம் (தலவாக்கலை) எழுதியது:

பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, எந்தப் பெட்டியில், காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் இருந்த ஆர்கேட் விளையாட்டு அப்படியே வந்திருக்கிறது என்ற இடத்தில் சண்டை தொடங்கிவிடுகிறது. திரையை நிறுத்திப் பிடித்த இரண்டு படங்களை அருகருகே ஒட்டி, இதில் நிறம் குறைவு, அதில் உருவம் சிறியது என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இந்த முறையில் உடன்பாடில்லை. குதித்தவன் எவ்வளவு நேரம் காற்றில் நிற்கிறான், பட்டனை அழுத்தியதும் கை எப்போது நீள்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை எதிரிகள் மேலே வந்து விழுகிறார்கள் என்பவைதான் அந்த விளையாட்டு. நிறுத்தி வைத்த படத்தில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

அட்டாரி 2600 பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நினைவகம் 128 பைட். இந்தப் பத்தியைக்கூட அதற்குள் வைக்க முடியாது. 1980-இல் அதற்கு வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில், ஆர்கேடில் வரிசைக்கு 11 ஆக 5 வரிசைகளில் நின்ற 55 படையெடுப்பாளர்கள் 36 ஆகச் சுருங்கினார்கள், உருவமும் மாறியது. ஆனால் எதிரிகள் குறையக் குறைய மீதியுள்ளவர்கள் வேகமெடுக்கும் அந்தப் பதற்றம் அப்படியே தப்பிப் பிழைத்தது. அதனால்தான் மக்கள் அந்த விளையாட்டுக்காகவே பெட்டியை வாங்கினார்கள். 1982-இல் அதே பெட்டிக்கு 4 கிலோபைட்டில் வந்த பேக்-மேனுக்கு நேர்ந்தது வேறு: நான்கு ஆவிகளை ஒரு சட்டகத்துக்கு (திரை ஒருமுறை வரையப்படுவதற்கு) ஒன்றாக மாற்றி மாற்றி வரைந்ததால் அவை ஓயாமல் மினுக்கின, துரத்துகிறவன் எங்கே நிற்கிறான் என்பதே மங்கிப்போனது. பெட்டியின் இயலாமை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சிறிது காலத்திலேயே 8 கிலோபைட்டில் வந்த மிஸ் பேக்-மேன் அந்த மினுக்கலை வெகுவாகக் குறைத்துக் காட்டியது.

ஆக, வன்பொருளைக் குறை சொல்வதற்கு முன், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அதை எழுதியவர்கள் முடிவு செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் அனுபவத்தில் எது தேறியது, எது தேறவில்லை?

இரவுக்கோச்சி (ஹட்டன்) எழுதியது:

அண்ணா சொல்லும் அளவுகோல் சரிதான். ஆனால் நம் பக்கத்தில் அதைப் பிடிப்பதற்கு ஒரு தடை இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆர்கேட் இயந்திரத்தின் முன்னால் நின்றிருப்போம்? கொழும்பில் உறவினர் இருந்தவர்கள் சிலர் ஆடியிருக்கலாம். மற்றவர்கள் அறிந்ததெல்லாம் புறக்கோட்டையில் வாங்கி வந்த டிவி கேம் பெட்டியும், மேலே ‘9999 இன் 1’ என்று அச்சிட்டு உள்ளே ஏழெட்டு விளையாட்டுகளையே சுற்றிச் சுற்றி அடுக்கிய மஞ்சள் கேசட்டும்தான். நமக்கு வீட்டுப் பதிப்புத்தான் முதலில் வந்தது. மூலத்தைப் பிறகு இணையத்தில் தேடிப் பார்த்தோம்.

தேடிப் பார்த்தபோது சில இடங்களில் ஆச்சரியம். கான்ட்ராவின் ஆர்கேட் பதிப்பு 1987-இல் நிமிர்ந்த திரையில் வந்தது. பக்கவாட்டில் ஓடிச் சுடும் ஒரு விளையாட்டுக்கு அந்தத் திரை குறுகலானது. முன்னால் வருகிறவனைப் பார்த்துத் தயாராவதற்கு இடம் போதாது. 1988-இல் நின்டெண்டோவின் வீட்டுப் பெட்டியான ஃபேமிகாமுக்கு எழுதியபோது கோனாமி நிறுவனம் அதைத் தொலைக்காட்சியின் அகலத்துக்கு ஏற்பப் புதிதாகவே கட்டியது. நிறமும் உருவ அளவும் குறைந்தன, ஓட்டமும் குதிப்பும் திருந்தின. ஜப்பானிய ஃபேமிகாம் கேசட்டில் கோனாமியின் சொந்தச் சிப் இருந்ததால் காட்டில் மரங்கள் அசையும், பனிக் கட்டத்தில் பனி விழும், கட்டங்களுக்கு இடையில் வரைபடமும் வரும். அமெரிக்கப் பதிப்பில் இவை இல்லை. உங்கள் கேசட்டில் மரம் அசைந்ததா என்று நினைவிருந்தால், அது எந்தப் பதிப்பிலிருந்து எடுத்த திருட்டு என்று சொல்லிவிடலாம். மேட்டுலயம் அண்ணாவின் கணக்குப்படி பார்த்தால் இந்தப் பதிப்பு மூலத்தை முந்திவிட்டது என்றே நான் சொல்வேன்.

சந்தேகி எழுதியது:

ஒரு கான்ட்ராவை வைத்து ஊரை அளக்க வேண்டாம். அதே மஞ்சள் கேசட்டில் ‘1942’ என்ற விமான விளையாட்டும் இருந்தது. மைக்ரோனிக்ஸ் என்ற நிறுவனம் கேப்காமுக்காக எழுதிக் கொடுத்த அந்தப் பதிப்பில் விமானம் தத்தித் தத்தித்தான் நகரும். இசையைக் கேட்டால் யாராவது வந்து டிவியை அணைத்துவிடுவார்கள். டாங்கி காங்கில் நான்கு கட்டங்களில் ஒன்று, நகரும் பட்டைகள் உள்ள தொழிற்சாலை, முழுவதுமாக விடுபட்டிருந்தது. கிரேடியஸில் கப்பலோடு கூடவே வந்து சுடும் துணைக் கோளங்கள் ஆர்கேடில் நான்கு, அவற்றுக்குப் பதிலாக ஃபேமிகாம் தந்தது இரண்டு. இவற்றை ஆடிவிட்டுத்தான் நாம் ஆர்கேட் விளையாட்டை அறிந்தோம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தோம்.

மேட்டுலயம் எழுதியது:

சந்தேகி, இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. டாங்கி காங் 1983-இல் ஃபேமிகாமோடு கூடவே வந்தது. மொத்தம் 24 கிலோபைட். மூன்று கட்டங்களைக் குறையில்லாமல் கொடுத்து ஒன்றை விட்டுவிடுவது என்பது ஒரு முடிவு. 2010-இல் நின்டெண்டோ அந்தத் தொழிற்சாலைக் கட்டத்தைச் சேர்த்து மறுபடி வெளியிட்டது. ஆனாலும் பழைய பதிப்பை யாரும் தரம் கெட்டது என்று சொல்லவில்லை. கிரேடியஸில் துணைக் கோளங்கள் குறைந்ததற்குக் காரணம், ஃபேமிகாம் ஒரு கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு (நகரும் சிறு உருவத் துண்டுகளுக்கு) மேல் காட்டாது என்பது. கப்பலும் நான்கு துணைகளும் அவற்றின் குண்டுகளும் ஒரே வரியில் வந்தால் பாதி மறைந்துபோகும். 1942-க்கு மட்டும் இப்படிப்பட்ட சமாதானம் எதுவும் கிடையாது. அதே பெட்டியில் வேறு பறக்கும் விளையாட்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. அது வேலையின் குறை.

ஈயப்பற்று (பண்டாரவளை) எழுதியது:

டிவி பழுது பார்க்கிற கடையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் ‘ஃபேமிகாம் பதிப்பு’ என்று எழுதுகிறீர்கள். நம்மில் யாரும் ஃபேமிகாமில் ஆடவில்லை. ஆடியது தைவான், சீனப் பிரதிகளில். இந்த வேறுபாடு சின்னது அல்ல.

இலங்கையின் தொலைக்காட்சி பிஏஎல் முறை, நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கப்படும். ஜப்பானும் அமெரிக்காவும் அப்போது என்டிஎஸ்சி, 60 முறை. அந்தக் காலத்து விளையாட்டுகள் ஒரு திரைக்கு ஒரு அடி என்ற கணக்கில் ஓடுபவை. திரை 50 என்றால் விளையாட்டும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐரோப்பாவுக்காக நின்டெண்டோவே விற்ற பெட்டியில் மையச் செயலியின் வேகமும் 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. ஆகவே இசையின் சுருதியும் இறங்கிவிடும். நமக்கு வந்த பிரதிகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. பழைய பெட்டி ஒன்றைத் திறந்தால் நாற்பது கால்கள் உள்ள இரண்டு நீளமான யுஎம்சி சிப்புகளும், பக்கத்தில் 26.6 மெகாஹெர்ட்ஸ் படிகமும் இருக்கும். (பிற்காலத்துப் பெட்டிகளில் எல்லாம் சேர்ந்து ஒரு கருப்புப் பொட்டுக்குள் போய்விட்டது, அது கெட்டால் குப்பைதான்.) அந்த யுஎம்சி சிப்பு படிகத்தின் அலைவை 16-ஆல் வகுக்காமல் 15-ஆல் வகுத்தது, செயலி 1.77 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஜப்பானியப் பெட்டியை ஏறக்குறைய ஒட்டியே ஓடியது. அதனால் ஜப்பானியக் கேசட்டுகள் கோளாறின்றி வேலை செய்தன, சுருதியும் சரியாக இருந்தது, ஆனால் தாளமும் ஆட்டமும் மட்டும் மெதுவாயின.

எனவே இரவுக்கோச்சி தம்பி புகழும் கான்ட்ரா, கோனாமி எழுதிய கான்ட்ரா அல்ல. அதைவிட ஆறில் ஒரு பங்கு சோம்பலானது. குண்டு வருவதைப் பார்த்துக் குனிய நமக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் நேரம் கிடைத்தது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டதும் தோட்டத்தில் மின்னழுத்தம் இறங்கி, பழைய டிவிகளில் படம் நாலு பக்கமும் உள்ளே சுருங்கும்; அது வேறு கதை.

இரவுக்கோச்சி எழுதியது:

ஐயா, இது புதிய செய்தி. ஆனால் என் கருத்து முழுவதுமாக விழுந்துவிடவில்லை. அகலத் திரைக்கு ஏற்ற கட்டமைப்பு 50-இலும் 60-இலும் ஒன்றுதானே.

கொழுந்துமலை எழுதியது:

அண்ணன்மார் எல்லோரும் தனியாக ஆடியவர்கள் போலத் தெரிகிறது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பெட்டி இருந்த வீட்டிலிருந்து நான் எழுதுகிறேன். ஆர்கேட் விளையாட்டுகளில் பல, இரண்டு பேர் தோளோடு தோள் நிற்பதற்காகவே செய்யப்பட்டவை. அந்த இரண்டாவது ஆளை வீட்டுப் பதிப்பு வெளியே தள்ளிவிட்டால், மற்ற எதைக் காப்பாற்றினாலும் எனக்கு அது அரைகுறைதான்.

டபுள் டிராகன் நல்ல சான்று. 1987-இல் வந்த ஆர்கேடில் இரண்டு சகோதரர்கள் சேர்ந்து அடிப்பார்கள். திரையில் கூட்டம் சேர்ந்தால் ஆர்கேட் இயந்திரமே மூச்சு வாங்கும், அது வேறு. 1988-இல் ஃபேமிகாமுக்கு எழுதியபோது அதை உருவாக்கிய டெக்னோஸ் நிறுவனம் இருவர் சேர்ந்து ஆடும் வசதியை எடுத்துவிட்டு, ஒருவர் முடிந்தபின் மற்றவர் என்று முறைவைத்தது. புதிய அடிகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைப் புகுத்தி ஈடுகட்டப் பார்த்தார்கள். அதே ஆண்டில் சேகா மாஸ்டர் சிஸ்டத்துக்கு வந்த பதிப்பில் உருவங்கள் மினுக்கும், ஆனால் இரண்டு பேரும் ஒன்றாக ஆடலாம். விமர்சகர்கள் பலர் ஃபேமிகாம் பதிப்பையே உயர்த்திப் பேசுகிறார்கள். தம்பியோடு ஆட உட்காருகிறவளிடம் கேட்டால் தீர்ப்பு மாறும்.

ஃபைனல் ஃபைட் இன்னும் மோசம். 1989-இல் வந்த ஆர்கேடில் மூன்று வீரர்கள், இருவர் ஆட்டம். 1990-இன் இறுதியில் சூப்பர் ஃபேமிகாமுக்கு 1 மெகாபைட் கேசட்டில் வந்தபோது கை (Guy) என்ற வீரரே காணாமற்போனார், தொழிற்பேட்டைக் கட்டம் போனது, இருவர் ஆட்டம் போனது, எதிரிகளும் ஒரே நேரத்தில் மூவருக்கு மேல் வருவதில்லை. படத்தை நிறுத்திப் பார்த்தால் ஆர்கேடுக்கு மிக நெருக்கமாக இருக்கும். மேட்டுலயம் அண்ணா சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1993-இல் சேகா சிடியில் நிறங்கள் மங்கி வந்த பதிப்பில் மூன்று வீரர்களும் இருவர் ஆட்டமும் விடுபட்ட கட்டமும் திரும்பி வந்தன. நான் அதன் பக்கம்.

ஆறுபட்டன் (கண்டி) எழுதியது:

அக்காவின் வரிசையில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐயும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஆடுபவரின் விரல்தான் பிரச்சினை. ஆர்கேடில் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பட்டன்கள். சூப்பர் நின்டெண்டோவின் (சூப்பர் ஃபேமிகாமின் மேற்கத்தியப் பெயர்) பேடில் மேலே நான்கு, தோளில் இரண்டு, கணக்குச் சரி. சேகாவின் மெகா டிரைவ் பெட்டியின் பேடில் மூன்றே பட்டன்கள். ஸ்டார்ட்டை அழுத்திக் குத்துக்கும் உதைக்கும் மாறி மாறிப் போக வேண்டும். சண்டை நடுவில் யாரால் முடியும்? 1993-இல் அந்த விளையாட்டு வந்தபோது சேகா ஆறு பட்டன் பேடையும் விற்கத் தொடங்கியது அதனால்தான்.

படக் கணக்கையும் பாருங்கள். ஆர்கேட் பலகையில் படங்களுக்கு மட்டும் 6 மெகாபைட். 1992-இல் வந்த சூப்பர் நின்டெண்டோ கேசட் இசை, நிரல் எல்லாம் சேர்த்து 2 மெகாபைட். ஆர்கேடின் திரை 384 புள்ளி அகலம், இங்கே 256. ஆகவே ஒவ்வொரு வீரரையும் குறுக்கி மறுபடி வரைந்தார்கள். இத்தனை வெட்டுக்குப் பிறகும் ஒரு குத்தின் நீளம், ஹடோகென் என்ற தீப்பந்து கையை விட்டுக் கிளம்பும் நேரம், இவை மாறவில்லை என்று கை நம்பும் அளவுக்கு வேலை செய்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து 16 பிட் காலத்தில் இதற்கு இணையான வீட்டுப் பதிப்பு இல்லை.

சந்தேகி எழுதியது:

மெகா டிரைவ் பதிப்பு 3 மெகாபைட், தம்பி. சாம்பியன் எடிஷன் என்ற அடுத்த ஆர்கேட் பதிப்பில் இருந்ததுபோல, கடைசியில் எதிர்த்து வரும் நான்கு தலைவர்களையும் ஆடத் தந்தது. சூப்பர் நின்டெண்டோவின் முதல் கேசட்டில் அவர்களை அடிக்கத்தான் முடியும்.

ஆறுபட்டன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டால்சிம் ‘யோகா ஃபயர்’ என்று சொல்வதை அதில் ஒரு தடவை கேளுங்கள். தொண்டையில் கல்லை வைத்துக்கொண்டு பேசுகிறார். ஒலித் துண்டுகளைச் செலுத்தும் நிரலைச் சரியாக எழுதவில்லை. பின்னாளில் ஆர்வலர் ஒருவர் அந்த நிரலை மட்டும் மாற்றி எழுத, அதே பெட்டியில் குரல் தெளிந்துவிட்டது. இதையும் மேட்டுலயம் அண்ணாவின் ‘வேலையின் குறை’ப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஈயப்பற்று எழுதியது:

சிடி காலத்தைத் தொடாமல் விட்டால் பாதிதான் பேசியதாகும். எந்த நாட்டு வட்டையும் ஏற்க வைக்கும் சிப் போட்ட பிளேஸ்டேஷனில் ஜப்பானிய அல்லது அமெரிக்க வட்டைச் செருகினால் படம் கருப்பு வெள்ளையில் வரும் என்று அந்த நாட்களில் கடைக்கு ஓடி வந்தவர்கள் நிறையப் பேர். பெட்டி 60 ஹெர்ட்ஸில் என்டிஎஸ்சி சமிக்ஞையை அனுப்பும். பிஏஎல் மட்டும் தெரிந்த டிவி அதன் நிறத்தைப் புரிந்துகொள்ளாது. வாடிக்கையாளர் ஐரோப்பிய வட்டை வாங்கிப் போட்டதும் நிறம் வந்துவிடும், திருப்தியாகப் போவார். நிறம் வந்த அந்தப் பதிப்புகளில் பல 50 ஹெர்ட்ஸுக்கு மெதுவாக்கப்பட்டு, மேலும் கீழும் கருப்புப் பட்டையோடு நசுங்கி ஓடியவை. ஆக, கருப்பு வெள்ளையில் ஆடியவன்தான் ஆர்கேடுக்குக் கிட்டத்தில் இருந்தான். நிறுத்திய படத்தை ஒட்டித் தரம் பார்ப்பவர்களுக்கு இதை யாராவது சொல்லுங்கள்.

முப்பரிமாண விளையாட்டுகளில் எழுதியவர்களின் முடிவு இன்னும் வெளிச்சமாகத் தெரியும். 1995-இல் சேகாவின் சாட்டர்ன் பெட்டிக்கு வந்த இரண்டையும் பாருங்கள். விர்ச்சுவா ஃபைட்டர் 2-இல் பின்னணிக் கட்டடங்களைத் தட்டையாக்கிவிட்டு, வீரர்களை நொடிக்கு 60 சட்டகங்களில் வைத்துக்கொண்டார்கள். டேட்டோனா என்ற கார்ப் பந்தயத்தில் சாலையையும் கார் கூட்டத்தையும் விட மனமில்லாமல், ஆர்கேடில் 60-ஆக இருந்தது சுமார் 20-க்கு இறங்கியது. மலையும் பாலமும் கண்ணெதிரே திடீர் திடீரென்று முளைக்கும். ஆர்கேடில் இரண்டும் ஒரே வகைப் பலகையில் ஓடியவை. வீட்டிலும் ஒரே பெட்டி.

ஆறுபட்டன் எழுதியது:

சாட்டர்ன் என்றதும் எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சண்டை நடுவில் களைத்த வீரரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவரை உள்ளே அழைப்பதுதான் அந்த விளையாட்டு. நான்கு வீரர்களின் அசைவுகளும் எப்போதும் நினைவகத்தில் இருந்தால்தான் அது நடக்கும். 1997-இல் சாட்டர்னுக்கு 4 மெகாபைட் நினைவகக் கேசட்டைச் சேர்த்து விற்று அதைச் சாதித்தார்கள். பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். அடுத்த ஆண்டு அதற்கு வந்த பதிப்பில் வழக்கமான ஆட்டத்தில் ஆள் மாற்றமே கிடையாது, இரண்டாமவர் வந்து ஒரு அடி அடித்துவிட்டுப் போவார். இது பெட்டியின் குறை என்று ஏற்கிறேன். ஆனாலும் பெயரை மாற்றி விற்றிருக்கலாம்.

கொழுந்துமலை எழுதியது:

நியோ ஜியோவை யாரும் இன்னும் இழுக்கவில்லையே?

மேட்டுலயம் எழுதியது:

இழுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன், தங்கச்சி. 1990-இல் வந்த அந்தப் பெட்டி ஆர்கேடின் அதே வன்பொருள். கேசட்டின் கால் அமைப்புத்தான் வேறு. அமெரிக்காவில் பெட்டிக்கே 650 டொலர் வரை, ஒவ்வொரு கேசட்டுக்கும் 200 டொலர் அளவில். அங்கே பிழைக்கவோ கெடவோ எதுவும் இல்லை, காசு கொடுத்தவருக்கு ஆர்கேடே வந்தது.

அதிலும் ஒன்று மாறியது: காசு போடும் துளை. ஆர்கேட் விளையாட்டின் கடுமை, அடுத்த நாணயத்தைக் கையிலிருந்து பிடுங்குவதற்காக அளந்து வைக்கப்பட்டது. வீட்டில் எண்ணில்லாமல் தொடரவிட்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும். அதனால்தான் நல்ல வீட்டுப் பதிப்புகள் தொடரும் வாய்ப்பை எண்ணிக் கொடுத்தன. கான்ட்ராவில் உயிர் தீர்ந்தால் மூன்று தொடர்ச்சி, அதற்கு மேல் தொடக்கத்துக்குப் போ. அப்படியே பெயர்த்தெடுத்தது என்பதே தரம் ஆகாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 1999-இல் சேகாவின் ட்ரீம்காஸ்ட் பெட்டிக்கு வந்த சோல்காலிபர், முந்தைய ஆண்டு ஆர்கேடைவிட அழகாகவும் கூடுதல் ஆட்ட முறைகளோடும் வந்தது. அங்கே ஒப்பீட்டின் திசையே திரும்பிவிட்டது.

புதுப்பெடல் (நானுஓயா) எழுதியது:

நான் இந்தப் பெட்டிகள் எதையும் நேரில் பார்த்ததில்லை. மடிக்கணினியில் ஆர்கேட் மூலத்தையே மேம் (MAME) என்ற எமுலேட்டர், அதாவது பழைய இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள், மூலம் ஓட்டலாம் என்ற நிலையில், வீட்டுப் பதிப்புகளை இன்று ஒப்பிட வேண்டுமென்றால் எப்படிச் செய்வது என்று யாராவது சொல்ல முடியுமா? எங்கள் வீட்டில் தட்டை டிவி இருக்கிறது. கான்ட்ராவை உயிர் போகாமல் முடிப்பேன் என்று சொல்கிற மாமாவும் இருக்கிறார்.

ஈயப்பற்று எழுதியது:

செய்யலாம் தம்பி. முதலில் டிவியில் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் படத்தை அழகுபடுத்துகிறேன் என்று அது எடுத்துக்கொள்ளும் நேரம், பட்டனுக்கும் குதிப்புக்கும் இடையில் போய் உட்கார்ந்துவிடும், எந்தப் பதிப்பைப் பார்த்தாலும் மந்தமாகவே தோன்றும். பேடைக் கம்பியில் இணையுங்கள். இரண்டு பதிப்புக்கும் ஒரே பேட், ஒரே திரை. பிறகு ஃபேமிகாம் எமுலேட்டரில் பிரதேசம் என்ற அமைப்பைப் பாருங்கள். மெசன், எஃப்சிஇயுஎக்ஸ் போன்றவற்றில் என்டிஎஸ்சி, பிஏஎல் ஆகியவற்றோடு ‘டென்டி’ என்று மூன்றாவது ஒன்று இருக்கும். ரஷ்யாவில் விற்ற ஒரு பிரதியின் பெயர் அது. நம் பெட்டிகளும் அந்த வகைதான். டென்டியில் வைத்தால் மாமா ஆடிய கான்ட்ரா, என்டிஎஸ்சியில் வைத்தால் கோனாமி எழுதிய கான்ட்ரா. இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்துவிட்டு மூன்றாவதாக மேமில் ஆர்கேடைத் திறவுங்கள். எது மாறியது என்பதை விரல் சொல்லிவிடும்.

புதுப்பெடல் எழுதியது:

ஐயா சொன்னபடி மாமாவை என்டிஎஸ்சியில் உட்கார வைத்தேன். அருவிக் கட்டத்தைத் தாண்டவில்லை. பேட் சரியில்லை என்கிறார்.